ஊறல் தண்ணீருக்கு வேலி இல்லை: செஞ்சி வட்டார அரிசி ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் 75 கிலோ மூட்டைக் கணக்கில் விலைபோகிறது. அப்படி வாங்கிய ஒரு மூட்டை நெல்லைப் புழுங்கல் அரிசியாக்கினால், அரிசியும் குருணையும் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோ தேறும். உமி 15 கிலோ, தவிடு ஐந்தாறு கிலோ. அந்த உமி பாய்லரில் எரிந்தால் மூன்று கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். இவற்றுடன், எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஒரு வரவும் உண்டு. அது நெல் ஊறிய தண்ணீர். மூட்டைக்கு 75 முதல் 90 லிட்டர்வரை அது வெளியேறுகிறது. அரிசிக்கு மண்டி இருக்கிறது. தவிட்டுக்கு எண்ணெய் ஆலையும் மாட்டுத்தீவனக் கடையும் இருக்கின்றன. உமிக்குப் பாய்லர் இருக்கிறது. ஊறல் தண்ணீரையும் உமிச்சாம்பலையும் மட்டும்தான் கேட்பாரில்லை. அவ்விரண்டையும் ஆலைகள் ஒன்றுசேர்ந்து கையாள்வது ஏன் தேவை, எப்படி முடியும் என்பதே இம்மடலின் பொருள்.

ஊறல் தண்ணீர் என்ன செய்கிறது

புழுங்கல் அரிசிக்கு நெல்லை முதலில் ஊறவைக்க வேண்டும். பழைய முறையில் பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை நெல் ஊறும். இன்றைய ஆலைகளில் 60 முதல் 70 டிகிரி சூட்டில் உள்ள வெந்நீரில் சில மணி நேரத்திலேயே வேலை முடிகிறது. ஊறிய பிறகு தொட்டியின் அடி வால்வைத் திறப்பார்கள். மஞ்சளாக, சற்றே நுரை கட்டிய வெதுவெதுப்பான நீர் வாய்க்காலில் இறங்கும். அந்த நேரத்தில் அதில் வீசுவது நெல் வாசனைதான். அதே நீர் ஒரு பள்ளத்தில் இரண்டு நாள் தேங்கினால் புளித்து, பிறகு அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். மூன்றாம் நாள் அது கறுத்திருக்கும்.

அந்த நீரில் நஞ்சு ஏதும் கலக்கப்படவில்லை. நெல்லிலிருந்து கரைந்த மாவுச்சத்தும், சர்க்கரையும், புரதமும், பாஸ்பரசும், உமியின் நிறச்சத்தும்தான் அதில் இருக்கின்றன. ‘நெல் கழுவிய தண்ணீர்தானே, மாடுகூடக் குடிக்கும்’ என்று ஆலை வட்டாரங்களில் சொல்லப்படுவது இதனால்தான். ஒரு வாளி அளவில் அது உண்மை. ஆயிரக்கணக்கான லிட்டராக ஒரே ஏரியில் இறங்கும்போது கதை வேறு. நீரில் கரைந்த உணவை நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்னும்போது நீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் கழிவுநீரைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பதை ‘உயிரிய ஆக்சிஜன் தேவை’ என்று அளக்கிறார்கள். ஊறல் தண்ணீரில் இது பெரும்பாலும் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். வெயில் காயும் தமிழ்நாட்டு ஏரியில், தூய நீரிலேயே ஒரு லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஆக, சுத்திகரிக்காத ஒரு லிட்டர் ஊறல் தண்ணீர், சுமார் 125 லிட்டர் ஏரி நீரின் மூச்சைக் குடித்துவிடும். விடியற்காலையில் மீன் வெள்ளையாக மிதப்பதற்கு நஞ்சு தேவையில்லை, இது போதும்.

ஒரு நாளைக்கு 40 டன் நெல்லை அவிக்கும் ஆலையிலிருந்து குறைந்தது 40,000 லிட்டர் ஊறல் தண்ணீர் வெளியேறும். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் கிராமத்து மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அளவுகோல். அந்தக் கணக்கில் 700 பேருக்கு மேல் ஒரு நாள் புழங்கக்கூடிய தண்ணீர் அது. நிலத்தடியிலிருந்து நல்ல நீராக எடுக்கப்பட்டு, ஒரே நாளில் எவருக்கும் உதவாத நீராகத் திரும்புகிறது.

உமியும் சாம்பலும்

நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. விறகும் நிலக்கரியும் வாங்காமல் பாய்லரை எரிக்க அது உதவுகிறது என்பது இத்தொழிலுக்குக் கிடைத்த பெரிய வரம். வயலில் விளைந்ததே எரிபொருளாவதால் புதைபடிவ எரிபொருள்களின் கரிப்புகைச் சுமையும் குறைகிறது. ஆனால் உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். நாளொன்றுக்கு 40 டன் நெல் என்றால் எட்டு டன் உமி. அத்தனையும் எரிந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் சாம்பல்.

அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. மிக இலேசானது. புகைபோக்கி வழியாக மேலே போனது, காற்று வீசும் திசையில் உள்ள தெருவில் இறங்குகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுத்தால் கறுப்புக் கோடு விழும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கரும்புள்ளி விழும். காயவைத்த வடகத்தை எடுத்து ஊத வேண்டியிருக்கும். பாய்லருக்கு அடியில் விழுந்த சாம்பல் பெரும்பாலும் சாலையோரப் பள்ளத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டப்பட்டு, ஆடிக் காற்றில் மறுபடி எழும்புகிறது. உமி மிகுந்த வெப்பத்தில் எரியும்போது சிலிக்கா படிகமாக மாறக்கூடும். அத்தகைய தூளைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. முதலில் பாதிக்கப்படுபவர் பாய்லர் அருகே நிற்கும் ஆலைத் தொழிலாளரே.

இதே சாம்பலுக்கு வெளியே தேவை இருக்கிறது. கட்டுப்பட்ட வெப்பத்தில் எரிந்த உமிச்சாம்பல் சிமென்டோடு சேர்ந்து கான்கிரீட்டை உறுதிப்படுத்தும். எஃகு ஆலைகள் உருக்கிய இரும்பின் சூடு தணியாமலிருக்க அதன்மேல் உமிச்சாம்பலைப் பரப்புகின்றன. செங்கல் சூளைகளும் வாங்குகின்றன. ஒரு தனி ஆலையின் சாம்பலை எடுத்துப்போக எந்தப் பெரிய நிறுவனமும் லாரி அனுப்பாது. பத்து ஆலைகளின் சாம்பல் ஒரே தரத்தில் ஒரே இடத்தில் இருந்தால் அனுப்பும்.

தண்ணீர் போகும் வழி

செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆற்றுக்கு வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் பெயர்கள் உண்டு. வட்டாரத்தின் ஓடைகளும் ஏரிக் கலங்கல்களும் கடைசியில் அதைத்தான் சேர்கின்றன. வழியில் தொண்டியாறு கலக்குமிடத்தில் வீடூர் அணை நிற்கிறது. அதன் நீர் விழுப்புரம் மாவட்டத்து வயல்களுக்கும் புதுச்சேரி வயல்களுக்கும் பாய்கிறது. அணைக்குக் கீழே இறங்கிய ஆறு புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. அங்கே சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதன் நீர் ஊசுட்டேரியையும் நிரப்புகிறது. அந்த ஏரி புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி, பறவைகள் சரணாலயம். எஞ்சிய நீர் வில்லியனூரைக் கடந்து வங்கக்கடலில் சேர்கிறது. செஞ்சிப் பக்கத்து ஓர் ஓடையில் மழைக்கால இரவில் திறந்துவிடப்படும் கழிவுநீர், ஒன்றிய ஆட்சிப் பகுதியான புதுச்சேரியின் ஏரிக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது. ஆலையின் சுற்றுச்சுவர் நெல் மூட்டையைக் காக்கும். ஊறல் தண்ணீருக்கு வேலி கிடையாது.

நீரைச் சேர்த்துவைப்பதும் பகிர்வதும் இந்த ஊருக்குப் புதிய கலை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளுக்கு இடையே கிடந்த கோட்டையில் ஆயிரக்கணக்கானோர் முற்றுகைக் காலங்களில் பிழைத்திருக்கிறார்கள். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை சூழ்ந்து நின்றபோது கோட்டை அத்தனை ஆண்டு தாங்கியதற்கு மதில் மட்டும் காரணமல்ல. கோட்டைக் குளங்களும் மலைமேல் இருந்த சுனைகளும் தண்ணீர் தந்தன. கல்யாண மகாலின் மேல் அடுக்குகளுக்குச் சுடுமண் குழாய் வழியாக நீர் ஏற்றியிருக்கிறார்கள். அதன் அருகிலேயே பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நெல்லும் நீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காக்கப்பட்ட ஊர் இது.

சட்டம் சொல்வது

1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டமும், 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டமும், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அரிசி ஆலைகளுக்கும் பொருந்தும். ஆலையை நடத்தத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். நாட்டின் பொதுத் தரநிலைப்படி, ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நிலத்தில் பாய்ச்சுவதானால் 100 வரை போகலாம். 1,000-த்தை 100-க்குக் கொண்டுவருவதுதான் பணி.

இப்பணி இயலாத ஒன்றல்ல. சாயக் கழிவில் உப்பும் தோல் கழிவில் குரோமியமும் இருப்பதால் அவற்றைச் சுத்திகரிப்பது கடினம். ஊறல் தண்ணீரில் இருப்பது உணவு. காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கவைத்தால் பெரும்பங்கு மாசு மீத்தேன் வாயுவாகப் பிரியும். அது பாய்லருக்கு உதவும். பிறகு காற்றூட்டி, தெளியவைத்து, மணலில் வடிகட்டினால் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்சலாம்.

அப்படியிருந்தும் தனி ஆலைகளில் இது அடிக்கடி தோற்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நுண்ணுயிர்களுக்குத் தினமும் தீனி வேண்டும். நெல் வரத்து குறைந்து ஆலை இரண்டு மாதம் நின்றால் தொட்டியின் நுண்ணுயிர்கள் நலிந்துவிடும். மறுபடி உயிர்ப்பிக்க வாரங்கள் ஆகும். இரண்டாவது, இதை அறிந்து நடத்தும் ஆளுக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்க ஒரு நடுத்தர ஆலைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பாய்லர் பார்ப்பவரோ வாட்ச்மேனோ அதையும் பார்க்க நேர்கிறது. மூன்றாவது காரணம் சந்தை. ஒருவர் மட்டும் செலவு செய்து தண்ணீரைச் சுத்தப்படுத்தினால், அவருடைய அரிசிக்கு மட்டும் அடக்கவிலை ஏறும். செலவே செய்யாத பக்கத்து ஆலை, மண்டியில் கிலோவுக்குச் சில காசு குறைத்துச் சொல்லிவிடும். இப்படி நல்லவருக்கே நட்டம் வரும் ஏற்பாட்டில் நன்மை நீடிக்காது. எல்லா ஆலைகளும் ஒரே நாளில் ஒரே விதியை ஏற்றால் இந்தப் பயம் எவருக்கும் இல்லை. போட்டியாளர்கள் ஒன்றுசேர வேண்டிய காரணம் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

பாலாறு கற்றுத்தந்தது

செஞ்சிக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் பாலாறு இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பல ஆண்டுகள் அந்த ஆற்று மணலில் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே சேதத்தின் விலையைத் தர வேண்டும் என்பதும், சேதம் வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஆய்வு ஒன்று கூறியதை நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டவோ, தனித்தனி நிலையம் அமைக்கவோ கெடு விதித்தது.

நிலையங்கள் வந்தன. ஆனால் கட்டி முடித்ததோடு பொறுப்பு முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் கசடில் மூழ்கி இறந்தனர். பொதுவானது என்பதால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிட்டால், பொதுநிலையமே ஆபத்தாகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். பாலாற்றின் மாசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் 2025 ஜனவரி 30 அன்று தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள் கழிந்திருந்தன. கெட்ட நிலம் அத்தனை எளிதில் திரும்பாது.

திருப்பூர் கற்றுத்தந்தது

திருப்பூரின் கதை இன்னும் நெருக்கமான பாடம். பின்னலாடைக்கு நிறமேற்றும் சாயப்பட்டறைகளின் நீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே அதைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை பைசா என்று தண்டமும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலை இழந்தவர்கள் சொந்த ஊருக்கு வண்டியேறினார்கள். சாயமேற்ற ஈரோட்டுக்கும் அதற்கு அப்பாலும் துணி ஏற்றிப்போன நாள்கள் அவை. நல்ல முறையில் சுத்திகரித்துவந்த பட்டறையும், இரவில் வாய்க்காலைத் திறந்துவிட்ட பட்டறையும் ஒரே நாளில் மூடப்பட்டன. தவறைத் தனித்தனியாகச் செய்தாலும் தண்டனை ஊர் முழுமைக்கும் வரும் என்பதைத் திருப்பூர் அனுபவித்து அறிந்தது.

அதன்பின் நடந்ததும் பதிவு செய்யத்தக்கது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் பகுதிவாரியாகச் சேர்ந்து, தாங்களே பங்குதாரர்களாக உள்ள நிறுவனங்களின் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தி அமைத்தார்கள். மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. இன்று அத்தகைய 18 நிலையங்கள் நடக்கின்றன. சாயநீர் குழாய் வழியாக நிலையத்துக்கு வருகிறது. நுண்ணுயிர்கள் ஒரு பகுதி மாசைச் செரிக்கின்றன, பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் நல்ல நீரைப் பிரிக்கின்றன. மிஞ்சிய உப்புநீர் ஆவியாக்கிகளில் காய்ச்சப்படுகிறது. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீர் பட்டறைகளுக்கே திரும்புகிறது. சாயம் பிடிக்கப் பயன்படும் சோடியம் சல்பேட் உப்பும் மீட்கப்பட்டுத் திரும்புகிறது. அனுப்பிய நீரின் அளவைப் பொறுத்துக் கட்டணம். மீட்க முடியாத கலப்பு உப்பு மட்டும் இன்னும் மூட்டைகளில் தேங்கி நிற்கிறது. அதற்கு இன்னும் முழுத் தீர்வு கிட்டவில்லை.

செஞ்சிக்கு இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கடுமையாகப் போட்டியிடும் பட்டறைக்காரர்களே ஒரு குழாயில் தண்ணீர் விட ஒப்புக்கொள்ள முடிந்தது. மற்றொன்று, அந்த ஒப்புதலைக் கதவு பூட்டப்படும் முன்பே செய்திருந்தால் ஊர் அத்தனை இழந்திருக்காது.

ஒருவர் கழிவு, மற்றவர் மூலப்பொருள்

தொழில்களின் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு, கழிவைச் சுத்தம் செய்வதோடு நிற்பதில்லை. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் என்ற சிறு துறைமுக நகரில், 1970-களிலிருந்து அக்கம்பக்கத்து ஆலைகள் ஒன்றின் மிச்சத்தை மற்றொன்று வாங்கிக்கொள்கின்றன. மின்நிலையத்தின் நீராவி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போனது. மின்நிலையத்தின் புகையைக் கழுவும்போது கிடைத்த ஜிப்சம், சுவர்ப்பலகை ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. இதை யாரும் சட்டம் போட்டுத் தொடங்கவில்லை. ஆலை மேலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் தொடங்கியது.

அரிசித் தொழிலுக்குள்ளேயே அண்டை மாநிலத்தில் முன்மாதிரி இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டம் காலடியில் அரிசி ஆலை உரிமையாளர்கள் ஒரு கூட்டு நிறுவனமாகி, உறுப்பினர் ஆலைகளின் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் பொது நிலையத்தை அமைத்தார்கள். தவிடு அரைத்த சில மணி நேரத்திலேயே சிக்கு வாடை ஏறத் தொடங்கும் பொருள். தூரத்து ஆலைக்கு லாரியில் போவதற்குள் தரம் இறங்கிவிடும். பக்கத்திலேயே பொது நிலையம் இருந்ததால் கழிவுக்குச் சமமாக மதிக்கப்பட்ட தவிடு, சமையல் எண்ணெயாக விலை பெற்றது.

கேட்பவர்கள் வெளியிலிருந்தும் வருகிறார்கள். பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் நீர், ஆற்றல், கழிவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியுள்ளது. பெரிய உணவு நிறுவனங்களும் சங்கிலிக் கடைகளும் தமக்குப் பொருள் தருவோரிடமும் அந்தக் கணக்கைக் கேட்கும் காலம் வெகுதொலைவில் இல்லை. அளந்து எழுதிவைத்த ஆலையே அப்போது பதில் சொல்ல முடியும்.

செஞ்சிக்குப் பொருந்தும் வடிவம்

திருப்பூரில் பட்டறைகள் நெருக்கமாக இருப்பதால் குழாய் போட முடிந்தது. திண்டிவனம், திருவண்ணாமலை, சேத்துப்பட்டு, விழுப்புரம் சாலைகளில் தள்ளித் தள்ளி நிற்கும் ஆலைகளுக்கு ஒரே பெரிய நிலையம் கட்டினால், தண்ணீரை ஏற்றிச்செல்லும் டேங்கர் செலவே விழுங்கிவிடும். அதனால் இங்கே தொட்டி தனித்தனியாகவும், அதை நடத்தும் அறிவும் ஆளும் பொதுவாகவும் இருப்பதே பொருந்தும்.

முதல் படி, அளவெடுப்பு. உறுப்பினர் ஆலைகள் எடுக்கும் நீருக்கும் வெளியேற்றும் நீருக்கும் மீட்டர் வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா ஆலைகளின் நீரும் ஒரே ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, முடிவு உறுப்பினர் அனைவருக்கும் தெரிய வேண்டும். தன் எண்ணையும் பக்கத்து ஆலையின் எண்ணையும் அருகருகே பார்ப்பதைப் போல் ஓர் ஆலையைத் திருத்துவது வேறில்லை.

இரண்டாவது, பொது ஆள். சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் படித்த ஒருவரும் உதவிக்கு இருவரும் இருந்தால் பத்துப் பன்னிரண்டு ஆலைகளை முறைவைத்துச் சுற்றிவர முடியும். ஓர் ஆலை நிற்கும் மாதத்தில் அதன் தொட்டியின் நுண்ணுயிர்களை, ஓடும் ஆலையின் கசடைக் கொண்டுவந்து காப்பாற்றுவதும் அவர்களுக்கு எளிது.

மூன்றாவது, நீரைக் குறைத்தல். ஊறல் தண்ணீரின் கடைசிப் பகுதியைத் தெளியவைத்து அடுத்த ஊறலின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்துவது, நீராவி ஆறிய நீரைப் பாய்லருக்கே திருப்புவது போன்ற சிறு மாற்றங்களை ஓர் ஆலை செய்துபார்த்துச் சொன்னால், மற்றவை தவறிலிருந்து தப்பலாம். அரிசியின் நிறமும் மணமும் கெடாத அளவு எது என்பதை அனுபவம்தான் சொல்லும். அந்த அனுபவத்தைப் பகிர்வதில் எந்த வியாபார ரகசியமும் போய்விடாது.

நான்காவது, சாம்பல். ஒரு பொதுக் கிடங்கு, மூடிய வண்டி, சிமென்ட் அல்லது எஃகு நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம். புகைபோக்கியில் பொருத்தும் சைக்ளோன் பிரிப்பானையும் பை வடிகட்டியையும் மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும், பழுதுபார்க்க ஆளும் கிடைக்கும். ஆலைக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைப்பதிலும் இதே கணக்குதான்.

ஐந்தாவது, இவற்றைத் தாங்கும் அமைப்பு. ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலையும் சங்கத்தால் இதைச் செய்ய இயலாது. திருப்பூரிலும் காலடியிலும் உள்ளதுபோல், ஆலைகள் பங்குதாரர்களாக இருக்கும் சட்டப்படியான நிறுவனம் வேண்டும். மத்திய அரசின் குறு, சிறு நிறுவனத் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டம் இத்தகைய பொது வசதிகளுக்குச் செலவின் ஒரு பகுதியை மானியமாகத் தருகிறது. அதற்கும் அப்படியொரு நிறுவனம் முன்நிபந்தனை. மாவட்டத் தொழில் மையத்தில் தொடங்க வேண்டிய வேலை அது.

செலவைப் பங்கிடும் முறைக்கு எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. ஏரி மராமத்துக்குக் குடிமராமத்து என்று பெயரிட்டு, நிலத்தின் அளவுக்கேற்ப ஆளும் கூலியும் தந்த மரபு இந்த மண்ணில் உண்டு. ஆலைகளுக்கு ஏக்கருக்குப் பதில் மூட்டை. அவித்த மூட்டைக்கு இத்தனை காசு என்று வைத்தால், பெரிய ஆலை அதிகமும் சிறிய ஆலை குறைவும் தரும். ஆலை நிற்கும் மாதத்தில் எதுவும் தர வேண்டியதில்லை.

கடைசியாக, கண்காணிப்பு. ராணிப்பேட்டையின் சுவர் உடைந்ததைப் போன்ற விபத்து வராமலிருக்கப் பொறுப்பு எவருடையது என்பது தெளிவாக இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஆலைகளோடு, கீழ்ப்பக்கத்து ஏரிப் பாசன உழவர்களின் பேராளரும், ஆலைத் தொழிலாளர் ஒருவரும் இடம்பெற வேண்டும். மாதச் சோதனை முடிவு பேரூராட்சி, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். விதியை மீறி இரவில் வால்வைத் திறக்கும் உறுப்பினருக்கு முதல் தண்டனையைக் கூட்டமைப்பே தர வேண்டும். அந்த ஒருவரின் தவறு மற்ற அனைவரின் ஆலைக் கதவுக்கும் பூட்டாக வரக்கூடும் என்பதால், அதைக் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு.

இப்போது ஏன்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் படைத்தள நிலப்பரப்பு என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இனி உலகின் பல பக்கங்களிலிருந்து இவ்வூருக்கு வருவோர், ராஜகிரியின் உச்சியில் நின்று கீழே பார்ப்பார்கள். வயல்களும் ஏரிகளும் ஆலைகளின் புகைபோக்கிகளும் ஒரே பார்வையில் தெரியும். அந்த ஏரிகள் பளிங்காகத் தெரிவதும் கறுத்துத் தெரிவதும் ஆலைகளின் கையில் இருக்கிறது.

மூன்று மலைகளும் தனித்தனியே நின்றிருந்தால் செஞ்சி ஒரு கோட்டையாகியிருக்காது. அவற்றை ஒரே மதிலால் இணைத்ததுதான் அதை யாரும் எளிதில் எடுக்க முடியாத அரணாக்கியது. ஆலைகளின் நிலையும் அதுவே. தனியே நிற்கும் ஆலையை ஒரு நீதிமன்ற ஆணை மூடிவிடும். சேர்ந்து நின்று தம் நீரைத் தாமே காக்கும் ஆலைகளை எவரும் மூட வேண்டிய தேவை வராது.

தை, மாசியில் சம்பா நெல் வரத்து பெருகும். ஊறல் தொட்டிகள் இரவும் பகலும் ஓடும். அதற்கு முன்பாகச் செஞ்சி வட்டார அரிசி ஆலை உரிமையாளர்கள் ஒருமுறை கூட வேண்டும். அக்கூட்டத்தில் பேசுவதற்கு ஊறல் தண்ணீர் என்ற ஒரே பொருள் இருந்தால் போதும். எல்லா ஆலைகளின் நீரையும் ஒரே ஆய்வகத்தில் சோதிப்பது என்ற ஒரே தீர்மானத்தோடு அது கலைந்தாலும் போதும். மற்றவை அதிலிருந்து தொடரும். அந்த முதல் கூட்டத்தைக் கூட்டுமாறு கேட்டுக்கொள்வதே இம்மடலின் வேண்டுகோள்.